செங்காம்புத் தண்ணீர்

பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஆட்ரி இலை பறிக்கப் போனபோது, பறிப்பதற்கு அங்கே இலை இல்லை.

பதினேழாங்கட்டைத் தோட்டம் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில் பதினேழாவது மைலில் இருக்கிறது. கித்தா என்னும் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டு இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆற்றை ஒட்டிய சரிவில் மட்டும், இயந்திரம் இறங்க வழியில்லாததால், நாலைந்து ஏக்கர் கித்தாவை அப்படியே விட்டிருந்தார்கள். பால் வெட்ட ஆளில்லாமல் தடித்துப்போன அந்த மரங்களுக்கு அடியில்தான் செங்காம்புக் கொடி படர்ந்திருக்கும். காம்பு சிவப்பாக இருப்பதால் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர். ஆட்ரி வேலை செய்யும் மருந்தாய்வுக் கூடத்தில் அதற்கு ஓர் எண்தான் உண்டு.

மாதம் ஒருமுறை தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தோடு வந்து இரண்டு பை இலை பறித்துப் போவது அவள் வேலை. அன்று சரிவில் இறங்கியதும் முதல் வரிசை மரங்களுக்கு அடியில் கொடிகள் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்தாள். ஆடு மேய்ந்திருக்கும் என்று நினைத்துக் குனிந்தாள். ஆடு கடித்தால் தண்டு கிழிந்து தொங்கும். இங்கே ஒவ்வொரு தண்டும் கத்தரியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. மறுபடி துளிர்க்கட்டும் என்று அடியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஆட்ரியின் ஆய்வுக்கூடத்தார் வெட்டும் முறையும் அதுதான்.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தாலும் பையைச் சுருட்டிக்கொண்டு வேகமாக மேலே ஏறினாள்.

சாலையோரம் மிச்சமிருந்த தொழிலாளர் லயத்தில் வீரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் மூன்று குடும்பங்களில் அவளுடையது ஒன்று.

"ஒரு ஆளு வருதும்மா," என்றாள் வீரம்மா. "ஞாயித்துக்கெழம ஆனா வந்துருது. தலையில தொப்பி, மூஞ்சில மாஸ்க்கு. சாக்கு நெறையக் கட்டி எடுத்துட்டுப் போவுது. நான் கூப்புட்டுப் பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

திங்கட்கிழமை ஆட்ரி இதை டாக்டர் ரொஸ்னாவிடம் சொன்னாள். ஆய்வு முழுவதும் ரொஸ்னாவின் பொறுப்பில் நடந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெளியே யாரிடமாவது இந்த இலையைப் பற்றிப் பேசினாயா?

"இல்லை டாக்டர்," என்றாள் ஆட்ரி.

சொன்னபோது அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டு மனிதர்களிடம் சொன்னதை அவள் வெளியே சொன்னதாகக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

அவளுடைய அண்ணன் லியோனார்ட் ஈப்போவை அடுத்த புந்தோங்கில் இருந்தான். நாற்பத்தாறு வயது. தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவன். மூன்று வருடங்களுக்கு முன்னால் தேவாலயத்தில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஹெப்படைட்டிஸ் பி. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். இத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் ஈரலைத் தின்றிருக்கிறது. ஸ்கேனில் பன்னிரண்டு புள்ளி எட்டு என்று வந்தது. ஈரல் தழும்பேறி இறுகிக்கொண்டு போகிறது என்று அதற்கு அர்த்தம். தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டான். ஆயுசுக்கும் என்றார் டாக்டர்.

அந்தச் சொல்தான் அவனைத் தின்றது. விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. தேவாலயத்தில் இரண்டு பேர் அவனோடு கைகுலுக்குவதை நிறுத்தினார்கள். மாத்திரை டப்பாவைத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்துக் கொண்டான். முழுங்கும்போது மனைவிகூடப் பார்க்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் மதியம் அவன் வீட்டில்தான் சாப்பாடு. பிரியாணி பரிமாறிக்கொண்டே அண்ணி மெலிண்டா கேட்டாள்: "எலிய வச்சிக்கிட்டு அப்படி என்னதான் பண்றீங்க அங்க?"

ஆட்ரியின் வேலையைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஈரல்ல ஒரு செல்லு இருக்கு அண்ணி. சும்மா விட்டா அது பாட்டுக்குத் தூங்கும். காயம் பட்டுக்கிட்டே இருந்தா முழிச்சிக்கும். முழிச்சா நார் நாரா நெய்ய ஆரம்பிச்சிரும். அதான் தழும்பு. நம்ம பதினேழாங்கட்டையில மொளைக்குதுல்ல செங்காம்பு, அந்த எலையில ஃபிளேவனாய்டுன்னு ஒரு சத்து இருக்கு. அதக் கொடுத்தா அந்தச் செல்லு திரும்பத் தூங்கிருது. தழும்பு பாதியாக் கொறஞ்சிருச்சு. என் கண்ணால பாத்தேன்."

லியோனார்ட் மெல்லுவதை நிறுத்தினான்.

அவள் தொடர்ந்து சொன்னாள். இதெல்லாம் எலிக்குத்தான். இலையை அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, பிரித்து, ஊசியில் ஏற்றுகிறோம். தண்ணீரில் கொதிக்கவைத்தால் அந்தச் சத்தில் பாதிகூட இறங்காது. குடித்தாலும் குடல் அதை அவ்வளவாக உள்ளே விடாது. மனிதனுக்கு என்று வர இன்னும் பத்து வருடமாவது ஆகும், வராமலும் போகலாம். இவ்வளவும் சொன்னாள். அதற்குள் மெலிண்டா பாயசம் எடுக்க எழுந்து போயிருந்தாள்.

பாத்திரம் கழுவும்போது லியோனார்ட் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த மருந்து ஒரு சின்ன போத்தல் மட்டும் லா. யாருக்கும் தெரியாம."

"வேல போயிரும் அண்ணே. அத விடு, அது மனுசனுக்குக் கொடுக்கறதே இல்ல. ஒனக்குத்தான் மாத்திரை நல்லா வேல செய்யுதுல்ல?"

"சரி லா, சும்மா கேட்டேன்," என்று சிரித்தான்.

முந்தின வருடம் அவள் கார் பட்டறையில் கிடந்த சமயம், முதன்முதலாகத் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போனவன் அவன்தான். எப்படி வெட்ட வேண்டும், எத்தனை இலை விட வேண்டும் என்று அவனுக்குக் கத்தரி கொடுத்துக் காட்டியவள் அவள்தான். பிப்ரவரி மாதம் மொட்டைக் கொடிகளைப் பார்த்தபோது அது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் மாலை கோழிச்சோறு பொட்டலத்தோடு லியோனார்ட் அவள் வீட்டுக்கு வந்தான். முகத்தில் நல்ல தெளிவு. உட்காருவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். வருடாந்திர ஸ்கேன். எட்டு புள்ளி ஒன்று.

ஆட்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே! பன்னெண்டுலேர்ந்து எட்டு! மூணு வருசம் விடாம மருந்து சாப்பிட்டேல்ல, அது பேசுது."

"ஆமா," என்றான் லியோனார்ட். "மருந்து பேசுது."

அவன் சொன்ன விதத்தில் ஏதோ குறும்பு இருந்தது. சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. தாளை வாங்கி மறுபடி படித்தாள். அவன் தாளைக் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று, "நீ பெரிய ஆளு தங்கச்சி. ஒனக்கே தெரியல," என்றான்.

அதற்குப் பிறகு சரிவில் நிலைமை மோசமாகியது. மே மாதம் ஆட்ரி போனபோது வெட்டும் முறை மாறியிருந்தது. அடியில் இலை விடுவதெல்லாம் போய், கொடியை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். மண் குழிகுழியாகத் திறந்து கிடந்தது. வேறு வேறு கைகள். ஆற்றோரத்தில் பிளாஸ்டிக் போத்தல்கள், செருப்புத் தடங்கள். ஒரு மரத்தில் யாரோ மஞ்சள் துணி கட்டி, அடியில் சூடம் கொளுத்திய கறை இருந்தது. இன்னொரு மரத்தில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது.

"இப்ப தெனமும் வர்றாங்க," என்றாள் வீரம்மா. "காரு போட்டுட்டு வர்றாங்க. தைப்பிங்குன்றாங்க, சித்தியவான்றாங்க. கேட்டா, ஈரலுக்கு நல்லதும்மா, ஒனக்குத் தெரியாதான்னு என்னையே கேக்கறாங்க. எனக்கும் ரெண்டு கட்டு குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"ஏன், குடிக்கக் கூடாதா?"

ஆட்ரி பதில் சொல்வதற்குள் வீரம்மா உள்ளே போய் ஒரு குடுவையைக் கொண்டுவந்து காட்டினாள். பழுப்பாக, அடியில் வண்டல் படிந்து இருந்தது. ஆட்ரி அதை வாங்கி வாய்க்காலில் கொட்டினாள். வீரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் குடுவையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் ரொஸ்னா காட்டு மிருகங்களைப் படமெடுக்கும் சின்னக் கேமரா ஒன்றை வாங்கி மரத்தில் கட்டச் சொன்னார். யாராவது எதிரே வந்தால் தானாகப் படமெடுத்துக்கொள்ளும். ஜூன் மாதக் கடைசியில் ஆட்ரி அதைக் கழற்றி வந்தாள். இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்கள். காட்டுப்பன்றி. மழை. மறுபடி பன்றி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. தொப்பி போட்ட ஓர் ஆள் முன்னால் நடக்க, அவன் பின்னால் வரிசையாக ஒன்பது பேர். ஆளுக்கொரு சாக்கு. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். அடுத்த படத்தில் முன்னால் நடந்தவன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான்.

"இவனைத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் ரொஸ்னா.

ஆட்ரி திரையைப் பார்த்தபடியே, "தெரியாது டாக்டர்," என்றாள்.

அன்று வேலை முடிந்ததும் நேராகப் புந்தோங்குக்குப் போனாள். லியோனார்ட் பின்கட்டில் இருந்தான். அடுப்பில் பெரிய அண்டா. தரையில் பதினைந்து இருபது போத்தல்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அவன் மறைக்க முயலவில்லை.

"நீ தர மாட்டேன்ன. நான் எடுத்துக்கிட்டேன்."

"அண்ணே, இது மருந்தே இல்ல. பச்ச எலைய வேக வச்ச தண்ணி. இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது. அந்த மண்ணுல எத்தன வருசம் களைக்கொல்லி அடிச்சிருக்காங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எட்டு புள்ளி ஒண்ணு. அது பொய்யா?"

"அது மாத்திரை கொறச்சது. மூணு வருச மாத்திரை!"

"நான் எல குடிக்க ஆரம்பிச்சது ஜனவரி. ஸ்கேன் எடுத்தது ஏப்ரல். நீயே பாத்துக்க." அவன் குரல் உயரவில்லை. "நான் யார்கிட்டயும் கை நீட்டல. சும்மாதான் கொடுக்கறேன். என்னோட கை குலுக்க மாட்டேன்னானே ஒருத்தன், இப்ப வாரா வாரம் வந்து நிக்கிறான், அண்ணே அண்ணேன்னு."

ஆட்ரி கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மாத்திரையச் சாப்பிடறேல்ல? நிறுத்தலயே? நிறுத்தினா வைரஸு திரும்ப எழுந்திரும் அண்ணே. முன்ன இருந்ததவிட மோசமா எழுந்திரும்."

"சாப்பிடறேன் லா," என்றான் லியோனார்ட், அண்டாவைக் கிளறிக்கொண்டே.

அவள் நம்பினாள். நம்பினால் டாக்டர் ரொஸ்னாவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, வேலை போகாது, அண்ணன் பெயர் வெளியே வராது. மாத்திரை டப்பாவைக் காட்டு என்று கேட்க இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. கேட்காமல் வந்துவிட்டாள்.

ஜூலையில் அவன் களைத்துத் தெரிந்தான். ஆகஸ்ட் முதல் வாரம் மெலிண்டா போனில், "ஒங்கண்ணனுக்கு ஒண்ணுக்கு தேத்தண்ணி கலர்ல போவுது. கழிவு எறங்குதுன்னு சொல்றாரு," என்றாள். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கொட்டக்கொட்ட விழிப்பு என்றும் சொன்னாள். ஆட்ரி அந்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

ஞாயிறு வரை போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு லியோனார்ட் முப்பத்தெட்டுப் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் புறப்பட்டான். தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பில் பஸ் திரும்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் சாலையில் ஏதோ தடை என்று நினைத்தார்கள். பஸ் கோலா கங்சார் சாலையில் ஏறி, நிதானமாக, சிக்னல் போட்டு, ஒவ்வொரு விளக்கிலும் நின்று போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, எங்க போறீங்க?" என்று முன்சீட்டுப் பெண் கத்தினாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் மஞ்சளாக இருந்தன என்று அவள் பிறகு சொன்னாள். "பெரட்டுக்கு நேரமாச்சு," என்றான்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை பேர் கூப்பிடுவது. தோட்டத்தில் வேலை செய்த அவன் அப்பா போனது அது. அவன் ஒருநாளும் போனதில்லை.

பதினேழாங்கட்டைத் தோட்டத்துக் கேட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பெண்கள் இறங்கி ஓடினார்கள். ஒருத்திதான் திரும்பி வந்து அவன் கைப்பேசியை எடுத்து, கடைசியாக அழைத்த எண்ணுக்கு அடித்தாள். அது ஆட்ரியின் எண்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு மாற்றுத்துணி எடுக்க அண்ணியோடு வீட்டுக்குப் போனபோது ஆட்ரி துணி அலமாரியைத் திறந்தாள். சட்டைகளுக்குப் பின்னால் மாத்திரை டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. மாதாமாதம் ஒழுங்காக வாங்கிவந்திருக்கிறான். ஒன்றின் முத்திரைகூடப் பிரியவில்லை. மெலிண்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்கேன் வந்த அன்னைக்கே நிறுத்திட்டாரு," என்றாள் மெதுவாக. "ஆயுசுக்கும்னாங்க, எனக்கு நாலு மாசத்துல எல சரியாக்கிருச்சுன்னாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீங்க பயப்படுவீங்கன்னு."

வார்டில் மருந்தைத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். தாமதம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஏற்கெனவே தழும்பேறிய ஈரல், இந்த அடியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இலைத் தண்ணீர் கெடுதல் செய்ததா, அல்லது ஒன்றுமே செய்யவில்லையா என்று ஆட்ரி கேட்டாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மாத்திரையை நிறுத்தியதே போதும், அதற்குமேல் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

லியோனார்ட் சில நேரம் தெளிவாக இருந்தான். சில நேரம் சீருடை போட்ட நர்ஸுகளைப் பார்த்து வரிசையில் நிற்கச் சொன்னான். பன்னிரண்டாம் நாள் மதியம் பார்வை நேரத்தில் ஆட்ரி உள்ளே நுழைந்தபோது மெலிண்டா திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தாள். உள்ளே அவன் தலையைத் தூக்கிப் பிடித்து, ஃபிளாஸ்க் மூடியில் எதையோ புகட்டிக்கொண்டிருந்தாள். வாசனையிலேயே ஆட்ரிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பாய்ந்து மூடியைத் தட்டிவிட்டாள். பழுப்புத் தண்ணீர் போர்வையில் சிந்தியது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"டாக்டர் மருந்து பன்னெண்டு நாளாக் கொடுக்கறாங்க, மஞ்ச எறங்குச்சா?" மெலிண்டா அழவில்லை. அவள் முகம் கல்லாக இருந்தது. "இவரு எல குடிக்கறத நிறுத்தி பன்னெண்டு நாளாச்சு. அதான் ஏறுது. நீங்கதானே சொன்னீங்க? தழும்பு பாதியாக் கொறஞ்சிருச்சு, கண்ணால பாத்தேன்னு?"

"எலிக்கு! எலிக்குன்னு சொன்னேன்!"

"எலிக்கு மட்டுந்தான்னு எனக்குத் தெரியாது. எங்க யாருக்கும் தெரியாது. அதுல அப்படி இல்ல."

"எதுல?"

மெலிண்டா தன் கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, சிரிப்பும் பெருமையுமாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஈரல்ல ஒரு செல்லு இருக்கு. தூங்கிருது. தழும்பு பாதியாக் கொறஞ்சிருச்சு. என் கண்ணால பாத்தேன். அதோடு நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் மதியம் சாப்பாட்டுக் கலகலப்பை லியோனார்ட் பதிவு செய்து, அதில் அவனுக்கு வேண்டிய இடத்தில் வெட்டியது. கீழே, பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறி இருந்தது.

லியோனார்ட் இருபதாம் நாள் காலை இறந்தான். கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஆட்ரி டாக்டர் ரொஸ்னாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். படத்தில் இருந்தவன் தன் அண்ணன் என்பது, தெரியாது என்று சொன்ன பொய், இரண்டும் உட்பட. கேட்டு முடித்ததும் ரொஸ்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சுகாதார இலாகாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஆட்ரியை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆய்வு நின்றது. பறிக்கக் கொடியும் இல்லை.

மெலிண்டாவின் கைப்பேசியில் 'செங்காம்பு உறவுகள்' என்ற வாட்ஸ்அப் குழு இருந்தது. இருநூற்றுப் பத்துப் பேர். ஆட்ரி அதில் ஒரு குரல் பதிவு போட்டாள். இதே குரல்தான் அந்தப் பதிவிலும் பேசியது, அது எலியைப் பற்றிச் சொன்னது, லியோனார்ட் மாத்திரையை நிறுத்தியதால் இறந்தான், தயவுசெய்து யாரும் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள், இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், உடனே போய் இரத்தம் பரிசோதியுங்கள். நாற்பது ஐம்பது கும்பிட்ட கைகள் வந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள் வந்தன. ஒருவர், "அண்ணே அளவு கொறச்சுக் குடிச்சிருப்பாரு," என்று எழுதினார். இன்னொருவர், "மருந்துக் கம்பெனிக்காரன் இந்தப் பொண்ண விலைக்கு வாங்கிட்டான்," என்றார். பத்து நிமிடத்தில் யாரோ மெலிண்டாவின் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நீக்கியவருடைய பெயரை மெலிண்டா கேள்விப்பட்டதே இல்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"லேப்புல வேல செய்ற அக்காதானே? ஒங்க நம்பர ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கினேன். நான் சித்தியவான்லேர்ந்து காளியம்மா. எங்க வீட்டுக்காரருக்குக் காயவச்ச எலத் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ் கொடுக்கறேன். இப்ப கண்ணு மஞ்சளா இருக்கு. மூணு கிளாஸா ஆக்கலாமா?"

ஆட்ரி எழுந்து நின்றுவிட்டாள். "குடுக்காதீங்க. ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க அந்த அக்கா இல்ல," என்றாள் காளியம்மா. "அவங்க இப்படிப் பேச மாட்டாங்க."

"நான்தான். ஒங்க வீடு எங்க இருக்கு, சொல்லுங்க."

ஒன்றரை மணி நேரத்தில் ஆட்ரி சித்தியவானில் இருந்தாள். பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். காளியம்மா வாசலிலேயே நின்றாள். ஐம்பது வயதிருக்கும். ஆட்ரி வாயைத் திறந்து பேசியதும் அவள் முகம் மலர்ந்தது. ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அதே கொரலு! நீங்களே வந்துட்டீங்களா?"

உள்ளே, நாற்காலியில் இராமசாமி உட்கார்ந்தவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணி. கூப்பிட்டதும் கண் திறந்தார். வெள்ளைவிழி இரண்டும் மஞ்சள் பாரித்திருந்தன. இன்றைக்கு என்ன கிழமை என்று ஆட்ரி கேட்டாள். அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரி மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரா?"

காளியம்மா பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவந்து திறந்தாள். அண்ணனின் அலமாரியில் பார்த்த அதே டப்பாக்கள், முத்திரை பிரிக்காமல்.

அவளைக் கீழே உட்காரவைத்து ஆட்ரி சொன்னாள். எலியைச் சொன்னாள், வெட்டிய பதிவைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த காளியம்மா நடுவில் எப்போதோ ஆட்ரியின் கையை விட்டுவிட்டிருந்தாள். முடித்ததும் எழுந்து, அடுப்பிலிருந்த பானையைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். பிறகு கணவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். இருவரும் அவரைத் தாங்கிக் காரில் ஏற்றினார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் டின்னைப் பார்த்துவிட்டு, யார் சொல்லி மாத்திரையை நிறுத்தினார் என்று மலாயில் கேட்டார். காளியம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் பேசியதைக் கேட்டுத்தான்," என்றாள் ஆட்ரி. டாக்டர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஐந்தரை மணிக்கு இரத்த முடிவு வந்தது. மோசம்தான், ஆனால் லியோனார்டுக்கு முதல் நாள் இருந்த அளவுக்கு இல்லை. மருந்தை இப்போதே தொடங்குகிறோம், ஒரு வாரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். இராமசாமியை மேல் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆட்ரியைப் பார்க்காமலேயே பேசினாள்.

"எங்க வரிசையில இன்னும் நாலு வீடு குடிக்குது. நல்லம்மாளு மருமகன் குடிக்கறான். கடைசி வீட்டுல சின்னப் பொண்ணு, மாசமா இருக்கு, அதுக்கும் யாரோ நல்லதுன்னு சொல்லிக் குடுக்கறாங்க. நான்தான் எல்லாருக்கும் அந்தக் கொரல அனுப்பினேன்."

ஆட்ரி கார்ச்சாவியை எடுத்தாள்.

"வாங்க, எந்தெந்த வீடுன்னு காட்டுங்க."

"நான் சொன்னா நம்புவாங்களா?"

"தெரியாது," என்றாள் ஆட்ரி. "இருட்டறதுக்குள்ள போலாம்."